துப்பாக்கி என்றால் துப்பாக்கிதானா?

போன சுதந்திர தினத்தன்று எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வாஞ்சிநாதன் நாடகம் போட்டார்கள். பையன் பிரமாதமாக நடித்தான். அவன் கையில் இருந்ததுதான் என் கண்ணை உறுத்தியது. உருளை சுழலும் ரிவால்வர்! 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்டது பிரவுனிங் ஆட்டோமேடிக் பிஸ்டல். அதில் உருளையே கிடையாது. தோட்டாக்கள் பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். நாடகம் முடிந்ததும் ஆசிரியரிடம் சொன்னேன். "துப்பாக்கின்னா துப்பாக்கிதானே சார், இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே" என்றார்.

பெரிசு பண்ணத்தான் போகிறேன். ஆயுதக் கிடங்கில் துடைத்து, பிரித்து, மாட்டியே வயதானவன் நான்.

இந்த அலட்சியம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைப் பிரின்சிப் சுட்ட துப்பாக்கி, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையில் செய்த பிரவுனிங் 1910 மாடல். ஆனால் 1900 மாடல் என்று எழுதிய புத்தகங்கள் எத்தனையோ. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். துப்பாக்கியைப் பார்த்து எழுதியவர் குறைவு.

பார்த்திருந்தால் குழம்ப வழியே இல்லை. இரண்டையும் வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங்தான். ஆனாலும் உள்ளமைப்பு வேறு. 1900 மாடலில் ஸ்பிரிங் குழலுக்கு மேலே படுத்திருக்கும். அதனால் முன்பக்கம் உயரமாகி, குழல்வாய் தாழ்ந்து நிற்கும். 1910-இல் அதே ஸ்பிரிங் குழலைச் சுற்றியே ஏறிவிட்டது. அதைப் பிடித்து நிறுத்த, குழல்வாயில் சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். பிடியின் பின்புறத்தில் உள்ளங்கை அழுத்தினால்தான் சுட விடும் பாதுகாப்புப் பட்டையும் உண்டு. 1900-இல் அது இல்லை.

அளவும் காட்டிக் கொடுக்கும். 1900 மாடல் 7.65 மி.மீ. தோட்டாவுக்கு மட்டுமே செய்யப்பட்டது. 1910 மாடல் அதிலும் வந்தது, 9 மி.மீ. குறுந்தோட்டாவிலும் வந்தது. சரயேவோ துப்பாக்கி 9 மி.மீ. அந்த ஒரு எண்ணைக் கவனித்திருந்தாலே 1900 என்ற பேச்சு எழுந்திருக்காது. சாகும் தறுவாயில் இளவரசருக்கும் மனைவிக்கும் இறுதிச் சடங்கு செய்த ஏசு சபைப் பாதிரியார் அதை வாங்கி வைத்திருந்தார். அந்தச் சபை 2004-இல் வியன்னா ராணுவ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. எடுத்துப் பார்த்தார்கள், விஷயம் முடிந்தது.

அடுத்து வந்தது 1922 மாடல். 1910-ஐயே நீட்டியது. குழல் நீளம், பிடி நீளம், மேகசினில் இரண்டு தோட்டா அதிகம். ஸ்லைடின் முனையில் ஒட்டுப்போட்டதுபோல் கழற்றக்கூடிய நீட்டிப்பு ஒன்று தெரியும். அதைப் பார்த்தாலே போதும். வேடிக்கை என்னவென்றால், இந்த நீட்டல் செர்பியாவும் சேர்ந்த புதிய யுகோஸ்லாவிய அரசின் ஆர்டருக்காகச் செய்யப்பட்டது! 1922 மாடலைப் பிரின்சிப்பின் கையில் வரைகிறவர், பிறக்காத குழந்தைக்குப் பள்ளிச் சான்றிதழ் தருகிறவர்.

"தியாகம்தானே முக்கியம், இரும்பா முக்கியம்?" என்று கேட்பீர்கள். தியாகம்தான் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் கண்ணால் பார்த்துச் சரிசெய்யக்கூடிய இரும்பையே தப்பாகச் சொல்கிறவர், பார்க்க முடியாத மனசைப் பற்றிச் சொல்வதை நான் எப்படி நம்புவேன்? நாளைக்கு எவனாவது வந்து, "உங்கள் கதையில் துப்பாக்கியே பொய், மற்றதும் பொய்தானே" என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

அடுத்த வருஷ நாடகத்துக்கு மரத்தில் தட்டையான பிஸ்டல் ஒன்று நானே செதுக்கித் தருவதாக ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.