'எந்தத் தெரு?' என்ற கேள்வியை அளக்காத ஆய்வுகள்

செவிலியர் கல்லூரிகளில் எம்.எஸ்சி. படிக்கிறவர்கள் ஆய்வேட்டுக்கு விரும்பி எடுக்கும் தலைப்புகளில் ஒன்று 'செவிலிய மாணவிகளின் மன அழுத்தமும் அதைச் சமாளிக்கும் முறைகளும்'. அப்படிச் சிலவற்றை அண்மையில் படித்தேன். எல்லாம் ஒரே அச்சு. முதலில் ஒரு படிவம்: வயது, மதம், குடும்ப வருமானம், கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, கிராமமா நகரமா. அப்புறம் ஒரு அளவுகோல். மதிப்பெண்ணைக் கூட்டி லேசானது, மிதமானது, கடுமையானது என்று மூன்றாகப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியில் பரிந்துரை: மூச்சுப் பயிற்சி, யோகா, தசைத் தளர்வு. நான் படித்த எதிலும் சாதி என்றொரு கட்டம் இல்லை.

சாதியைக் கேட்பது அநாகரிகம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். வார்டில் அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. மேல்மலையனூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஜி.என்.எம். மூன்றாமாண்டு படிக்கிற தங்கச்சி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "பெட் போடப் போனா பேஷண்டோட அம்மா எந்த ஊரும்மான்னு கேக்குது. ஊரு பேரச் சொன்னா, அங்க எந்தத் தெருன்னு அடுத்த கேள்வி. சிரிச்சிக்கினே நழுவிடுவேண்ணா. ஒரு நாளைக்கு நாலு பெட்டாண்ட நாலு தபா." இப்படி நாலு தபா நழுவுவதற்கு ஒரு பெண்ணின் உயிர்ச்சக்தி எவ்வளவு செலவாகிறது? அளவுகோல் இதை 'நோயாளிகளுடன் பழகுவதில் தயக்கம்' என்று பதிவு செய்யும். தயக்கம் யாருடையது, யாரால் வந்தது என்று கேட்காது.

இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே சாதி ஊறிக் கிடக்கிறது. மலம், மூத்திரம், சீழ், இரத்தம், பிணம் இவற்றைத் தொடுகிற வேலை தீட்டு என்று சொல்லிச் சாதி இந்துக் குடும்பங்கள் தம் பெண்களை நெடுங்காலம் இதற்கு அனுப்பவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிகள்தாம் பெண்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். இப்படி நர்சுகளானவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கிறித்தவத்துக்குப் போன குடும்பத்துப் பெண்கள் பலர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியது. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சேரியில் அதே தெரு, வார்டில் அதே கேள்வி, சான்றிதழில் மட்டும் வேறு சாதி!

செவிலியர் கல்லூரி என்றாலே விளக்கேற்றும் விழா, நைட்டிங்கேல் உறுதிமொழி, 'வெள்ளுடைத் தேவதைகள்'. அந்த உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவேயில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வேறு சிலர் எழுதியது. நைட்டிங்கேல் 1854இல் கிரிமியப் போர்முனைக்குப் போன அதே காலத்தில், ஜமைக்காவிலிருந்து வந்த மேரி சீகோல் என்ற கறுப்பினப் பெண் தானும் வருகிறேன் என்று லண்டனில் போய்க் கேட்டார். சேர்க்க மறுத்துவிட்டார்கள். சொந்தச் செலவில் போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்தார். நம் நாட்டிலோ பிளேக் பரவிய 1897இல், நோயுற்ற மகர் சிறுவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அதே நோயில் செத்துப்போனார் சாவித்திரிபாய் பூலே. விளக்கேற்றும் விழாவில் இந்த இருவர் படத்தையும் நான் பார்த்ததில்லை. தேவதை என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. தேவதைக்குச் சம்பளம் பேச வேண்டியதில்லை.

சம்பளக் கதையைப் பார்ப்போம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை. 2017 நவம்பர் கடைசியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். கழிப்பறைகளைப் பூட்டிவிட்டார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. உயர்நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டது. பிறகு கொரோனா வந்தது, கைதட்டினார்கள், பூத்தூவினார்கள். அந்தக் காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிந்தது என்று வெளியே அனுப்பினார்கள். இதற்கு எந்த மூச்சுப் பயிற்சி?

தனியார் பக்கம் இன்னும் மோசம். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொல்லி அமைக்கப்பட்ட குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்றது. செஞ்சி, திண்டிவனம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் அதை வாங்குகிற நர்சை நான் இன்னும் சந்திக்கவில்லை. கவுன்சில் பதிவே கிடைக்காத ஓராண்டுப் படிப்புக்குக் கம்மலை அடகு வைத்துக் காசு கட்டிவிட்டு, 'நர்சு' உடையில் வாசல் பெருக்குகிற நம் பெண்களைத்தான் சந்தித்திருக்கிறேன். இந்தியச் செவிலியர் கவுன்சில் கணக்குப்படி பொது ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்சு. இரவுப் பணியில் ஒருத்தி நாற்பது பேருக்கு ஓடுகிறாள். அவளுக்கு வருவது மனநோய் என்றா சொல்வீர்கள்? ஆள் பற்றாக்குறையை உடம்பில் வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் அமாவாசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் பேய் பிடித்ததாகச் சொல்லி அழைத்து வரப்படும் பெண்கள் தலைவிரித்துக் கத்துவார்கள். புருஷனையும் மாமியாரையும் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். நான் இதற்கு வக்காலத்து வாங்கவில்லை, மூடத்தனம் மூடத்தனம்தான். ஆனால் வாய் திறக்க முடியாதவளுக்கு ஊர் ஒரு ராத்திரி விட்டுவைத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்களுக்கு டிரிப்ஸ் போடுகிற நர்சுக்கு அந்த ராத்திரிகூடக் கிடையாது. அவள் கத்தினால் மெமோ.

கிராம சுகாதாரச் செவிலியர் பாடு தனி. ஐயாயிரம் பேருக்கு ஒருவர். அவர் தலித்தாக இருந்தால் ஊர்த்தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்காது. பக்கத்து டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். 'நர்சம்மா ஊர்ல தங்கறதே இல்ல' என்று அதே ஊர்த்தெரு புகார் எழுதும். திண்ணையில் நின்று ஊசி போடலாம், உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

மாணவர் இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 60:40 என்று மாறியபின் மத்தியப் பங்கு நேராக மாணவி கணக்குக்கு வருகிறது. வரத் தாமதமானால் கல்லூரி அவள் கழுத்தைப் பிடிக்கிறது. ஹால் டிக்கெட்டை நிறுத்துகிறது, படித்து முடித்தாலும் சான்றிதழைக் கொடுப்பதில்லை. சான்றிதழ் இல்லாமல் கவுன்சிலில் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் வேலை இல்லை. செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரக் காலனிகளில் நர்சிங் படிக்கிற பெண்கள் யார் யார், யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் சான்றிதழ் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். அடுத்த அமாவாசைக்குள் ஒரு பட்டியல் தயாரானால் விழுப்புரம் ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு அந்தப் பெண்களோடும் அவர்கள் அம்மாக்களோடும் சேர்ந்தே போகலாம். பஸ் செலவை நாம் பிரித்துக்கொள்வோம்.