கிளீனரை இறக்கி விட்டாங்க, இப்போ பாண்டு கேக்கறாங்க

நவரை அறுப்பு முடிஞ்சு டிராக்டர்ல வைக்கோல் கட்டு ஏத்திகிட்டு இருந்தப்போ பங்காளி மகன் வந்து வரப்புல உட்கார்ந்தான். இருபத்திரண்டு வயசு, ஐ.டி.ஐ. படிச்சவன். அஞ்சு மாசமா காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டறான்.

"இன்னாடா, லீவா?"ன்னு கேட்டேன்.

"வண்டிய யார்டுல வுட்டுட்டு வந்துட்டேன் பெரிப்பா. இனிமே போவ மாட்டேன். ஆனா சர்டிபிகேட்டு எல்லாம் அவுங்க கிட்ட கீது."

விஷயம் இதுதான். ஒரு லாரி கம்பெனி, பேரு எழுதல, "இலவச ஹெவி டிரைவிங் பயிற்சி, சாப்பாடு, தங்க இடம், முடிச்சதும் வேலை"ன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பையன் போய்ச் சேர்ந்தான். சேர்ந்த அன்னிக்கே இங்கிலீஷ்ல நாலு பக்கம் பேப்பர், அதுல கையெழுத்து. ரெண்டு வருஷம் அங்கேயேதான் ஓட்டணும், நடுவுல விட்டா எண்பதாயிரம் கட்டணும். பத்தாவது மார்க் ஷீட்டு, ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டு ரெண்டும் ஒரிஜினல் வாங்கி வச்சுகிட்டாங்க. தொகை எழுதாத செக்கு ஒண்ணும்.

இலவசம்னு சொன்னதுக்கு எண்பதாயிரம் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்விக்கு அந்த நாலு பக்கத்துலயும் பதில் இல்ல. நான் என் பொண்ணை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இன்னொண்ணு. லாரி ஓட்ட எல்.எல்.ஆர். போடணும்னா அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது கார் லைசென்ஸ் கையில இருந்திருக்கணும், வயசு 20 ஆகியிருக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அந்தக் கார் லைசென்ஸுக்குப் பணம் கட்டினது கம்பெனி இல்ல, இவங்க நைனா. ரெண்டு ஆடு வித்தாரு. இலவசம் ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறம்தான்.

சரி, பயிற்சியாவது ஒழுங்கா கொடுத்தாங்களா? ஒரு வண்டிக்கு ஒன்பது பேர். ஸ்டீயரிங் கைக்கு வந்தது தினம் கால் மணி நேரம். மத்த நேரம் வேடிக்கை, இல்லனா யார்டுல தார்ப்பாய் மடிக்கற வேலை. 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, அங்கீகாரம் வாங்கின பயிற்சி மையம்னா கனரக வண்டிக்கு 6 வாரத்துல 38 மணி நேரம் சொல்லித் தரணும், 2 ஏக்கர் இடம் வேணும், சிமுலேட்டர் வேணும். இவன் போனது அந்த மாதிரி மையம் இல்ல. யார்டுதான் பள்ளிக்கூடம். ரிவர்ஸ் எடுக்கறதை ஒழுங்கா கத்துகிட்டதே வேலைக்குச் சேர்ந்த அப்புறம், அதுவும் ஒரு கம்பத்துல இடிச்சு. அந்த மட்கார்டு காசையும் சம்பளத்துல பிடிச்சுட்டாங்க.

இப்போ என் கோபத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல பழைய டிரைவருங்க யாரும் ஸ்கூலுக்குப் போனதில்ல. கிளீனரா ஏறினவங்க. டீ வாங்கிக் கொடுத்து, டயர்ல தட்டிப் பார்த்து, "வரலாம் வரலாம் ரைட்டு"ன்னு பின்னாடி நின்னு கத்தி, ராத்திரி காலி ரோட்டுல கொஞ்சம் கொஞ்சமா ஸ்டீயரிங் பிடிச்சு, மூணு நாலு வருஷத்துல டிரைவர் ஆனாங்க. அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல மாட்டேன். திட்டு உண்டு, அடியும் உண்டு. என் தம்பியே பாடியநல்லூர்ல ஒரு டிரைவர் கிட்ட ஸ்பேனர் அடி வாங்கினவன்தான். ஆனா கத்துக்கற காலத்துல கையில படி கொஞ்சம் விழுந்தது. பிடிக்கலைன்னா இறங்கி வேற வண்டி ஏறலாம். எவனும் மார்க் ஷீட்டைப் பிடிச்சு வைக்கல.

அப்புறம் என்ன ஆச்சு? செலவு மிச்சம்னு கிளீனரை இறக்கி விட்டாங்க. இன்னிக்கு துறைமுகத்துக்குப் போற டிரெய்லரைப் பாருங்க, ஒத்த ஆள். துறைமுக வாசல்ல வரிசையில மணிக்கணக்கா நிக்கும்போது கண்ணை மூடினா, முன்வண்டி நகர்ந்ததும் பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிப்பான். மாத்தி உட்கார ஆள் கிடையாது. வருஷக்கணக்கா கிளீனர் படியை மிச்சம் பிடிச்சவங்க, இப்போ ஓட்டக் கத்த ஆளே இல்லன்னு அழறாங்க. கத்துக்கற இடத்தை மூடினது யாரு? அந்தச் செலவை இருபத்திரண்டு வயசுப் பையன் தலையில எண்பதாயிரமா எழுதினா நியாயமா?

கம்பெனி பக்கமும் ஒரு பேச்சு இருக்கு. "டீசல் போடறோம், சோறு போடறோம், லைசென்ஸ் வந்ததும் பக்கத்து கம்பெனிக்கு ஓடிடறான்." ஓடறது உண்மைதான். ஏன் ஓடறான்? பக்கத்துல ரெண்டாயிரம் கூட, வாரத்துல ஒரு நாள் வீடு. அதை இவங்களும் கொடுத்தா பாண்டே வேணாம். 1961-ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு வரம்பு போட்டுது. இவன் ரெண்டு ராத்திரி தொடர்ந்து ஓட்டினதை அவன் வாயாலயே கேட்டேன்.

பாண்டே சட்டப்படி செல்லாதுன்னு டீக்கடையில யாராவது சொன்னா நம்பாதீங்க. 2025 மே மாசம் விஜயா பேங்க் வழக்குல, நடுவுல வேலையை விட்டா 2 லட்சம் கட்டணும்கிற நிபந்தனை செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா அது பரீட்சை எழுதி, படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பேங்க் ஆபீசர் விஷயம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ம் பிரிவு, ஒப்பந்தத்துல எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அதுக்கு மேல போகாம நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்னு சொல்லுது. தினம் கால் மணி நேர ஸ்டீயரிங்குக்கு எண்பதாயிரம் எப்படி நியாயம்னு கம்பெனி கணக்கு காட்டட்டும். அமெரிக்காவுலயும் லாரி கம்பெனிங்க இதே மாதிரி ஓசியில சொல்லிக் கொடுத்து, ஒரு வருஷம் ஓட்டலைன்னா ஆயிரக்கணக்குல டாலர் கேக்கற வழக்கம் உண்டு. கலிஃபோர்னியாவுல இந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு, சில விலக்குகளோட, 2026 ஜனவரியிலிருந்து தடை போட்டுட்டாங்க.

நம்ம மாவட்டத்துக்கு முன்பணம்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. செங்கல் சூளையிலயும் அரிசி ஆலையிலயும் முன்பணம் வாங்கி மாட்டிகிட்ட இருளர் குடும்பங்களை ஆர்.டி.ஓ. வந்து மீட்டதை நாம பார்த்திருக்கோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல. அதுவும் இதுவும் ஒண்ணுன்னு சொல்லல. அவங்க பட்டது வேற. ஆனா "கணக்கு தீர்ற வரைக்கும் வெளிய போகக் கூடாது"ங்கற பேச்சு அதே பேச்சுதான்.

இத்தனைக்கும் அரசோட சாலைப் போக்குவரத்து நிறுவனம், ஐ.ஆர்.டி., நடத்துற கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நம்ம கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கு. நாமக்கல்ல அசோக் லேலண்டும் அரசும் சேர்ந்து பயிற்சி நிலையம் நடத்தறாங்க. சிப்காட் கம்பெனிங்களுக்கு டிரைவர் வேணும்னா ஐ.ஆர்.டி.யில நம்ம பசங்களுக்கு ஃபீஸ் கட்டட்டும், அப்புறம் வண்டிக்கு ஒரு கிளீனரை ஏத்தட்டும். சிப்காட்டுக்கு நம்ம ஊர்ல நிலம் போனப்போ வேலைவாய்ப்பு வரும்னுதான சொன்னாங்க?

பையனைப் பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரிஜினல் கேட்டா ஜெராக்ஸ் கொடுங்க. தொகை எழுதாத செக்கு கேட்டா எழுந்து வந்துடுங்க. பேப்பர் இங்கிலீஷ்ல இருந்தா ஒரு நாள் டைம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வாங்க. தர மாட்டேன்னா அந்த இடம் வேணாம்.

வர்ற திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். அவன், அவங்க நைனா, நான் மூணு பேரும் காலையிலயே கிளம்பறோம். மனு எழுதியாச்சு. எண்பதாயிரத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம், முதல்ல மார்க் ஷீட்டைக் கொடுன்னு கேட்டிருக்கோம். இதே மாதிரி மாட்டின பசங்க ஊர்ல இன்னும் யாராவது இருந்தா பேப்பரை எடுத்துகிட்டு எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு வந்துடுங்க.