கொசுவை விடும் முன் ஊரைக் கேளுங்கள்

கொசுவைக் கொல்லாமல், அது பரப்பும் நோயை மட்டும் தடுக்கும் வழி ஒன்று கடலூருக்குப் பக்கத்திலேயே தயாராகியிருக்கிறது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கிவிட்டதாக, புதுச்சேரியில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கொசு ஆராய்ச்சி மையமான வி.சி.ஆர்.சி. 2022 ஜூலையில் அறிவித்தது. அவற்றை வெளியில் விட அரசு அனுமதி தேவை. அந்த அனுமதியைத் தரலாம் என்பதே நம் கருத்து. ஆனால், அதற்கு முன்பே மக்களின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும்.

வோல்பாக்கியா ஆய்வகத்தில் பிறந்த கிருமி அல்ல. பழ ஈ முதல் வண்ணத்துப்பூச்சி வரை ஏராளமான பூச்சிகளில் இயல்பாகவே இருப்பது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்குள் அதைச் செலுத்தினால் வைரஸ் பெருகுவது தடைபடுகிறது. முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் அது போய்ச் சேருகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021-ல் முடிவுகள் வெளியாயின.

மலேரியா விஷயத்தில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அனாபிலிஸ் கொசுவின் குடலில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவையே மாற்றி, மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்லும் புரதங்களைச் சுரக்க வைத்தார்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள். ஒட்டுண்ணி வளர்ச்சி 98 விழுக்காடு வரை குறைந்ததை 2012-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள். சாதனைதான். ஆனால், செடியிலும் மண்ணிலும் வாழக்கூடிய ஒரு கிருமியை மாற்றி வெளியே விட்டால் திரும்பப் பிடிக்க வழியில்லை. இலங்கை இப்படி எந்தக் கிருமியும் இல்லாமல், விடாத கண்காணிப்பாலும் உடனடிச் சிகிச்சையாலும் 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. எனவே மரபணு மாற்றிய கிருமி இப்போதைக்கு ஆய்வகத்துக்குள்ளேயே இருக்கட்டும். வோல்பாக்கியாவை வெளியே சோதிக்கலாம்.

மக்களை ஒதுக்கிவிட்டு நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் அமெரிக்க நிதியில் டெல்லியில் கொசு மரபணு ஆய்வுப் பிரிவு ஒன்றை நடத்தின. உயிரியல் போருக்கான ஒத்திகையோ என்ற சந்தேகம் பத்திரிகைகளில் கிளம்பி நாடாளுமன்றம் வரை போனது. ஹரியானாவின் சோனிபட்டில் கொசு விடும் திட்டம் கைவிடப்பட்டு, 1975-ல் அந்தப் பிரிவே மூடப்பட்டது. சிப்காட் ஆலைகளின் நாற்றத்தோடு பல்லாண்டுகளாகக் காலம் தள்ளும் கடலூர் மக்களிடமும் 'ஆபத்து எதுவும் இல்லை' என்ற ஒருவரி அறிக்கை எடுபடாது.

புதுச்சேரியில் விடுவதுதானே, நமக்கென்ன என்றும் இருக்க முடியாது. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் கடலூர். ஏடிஸ் பறப்பது சில நூறு மீட்டர்தான். ஆனால் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் அதன் முட்டை, பழைய டயரில் லாரி ஏறிச் சிதம்பரம் வரை வந்துவிடும்.

ஆகவே, கிராம சபைகளிலும் வார்டுகளிலும் எல்லாவற்றையும் தமிழில் விளக்க வேண்டும். விடும் காலத்தில் கொசுக்கடி கூடலாம், அந்த நாட்களில் புகை மருந்து அடித்தால் விட்ட கொசுவும் சாகும் என்பதையும் மறைக்கக் கூடாது. வி.சி.ஆர்.சி. கையாளும் இரு வோல்பாக்கியா ரகங்களில் ஒன்றான டபிள்யூமெல் கடும் வெப்பத்தில் குறைந்துவிடக்கூடியது என்பதால், சோதனை கத்திரி வெயிலையும் கடந்தாக வேண்டும். காய்ச்சல் கணக்கையும் கொசுக் கணக்கையும் விடுவதற்கு முன்னும் பின்னும் எடுக்கும் பொறுப்பை, திட்டத்தில் பங்கில்லாத அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடமும் சிதம்பரத்தில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியிடமும் கொடுக்கலாம். சாதகமோ பாதகமோ, முடிவுகளை அப்படியே வெளியிட வேண்டும்.

இதைச் சாக்காக வைத்துக் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களைக் குறைக்கவும் கூடாது. டார்ச்சும் அபேட் மருந்துமாக வீடு வீடாகப் போய், சிமெண்ட் தொட்டியின் மூடியைத் தூக்கி, ஃபிரிட்ஜின் பின்தட்டை உருவி, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள் அவர்கள். எந்த வீட்டில் புழு இருக்கிறது, எந்த வீட்டில் காய்ச்சல் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களுக்கு நிரந்தர வேலையும் உரிய சம்பளமும் தந்து இந்தச் சோதனையிலும் ஈடுபடுத்துவதை, அனுமதி ஆணையிலேயே தமிழக, புதுச்சேரி அரசுகள் இரண்டும் நிபந்தனையாக எழுத வேண்டும்.