கோடு போடுகிற படிப்பு

சென்ற மாதம் நம் சங்க விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து இலைக்காரர் மெல்ல ஆரம்பித்தார். தாராவியில் இருப்பவர். சென்ட்ரிங் வேலையில் இருபத்தைந்து வருட அனுபவம், இப்போது சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்கிறார்.

“அண்ணாச்சி, மூத்தவ பத்தாவது முடிச்சிட்டா. கட்டடம் வரையுற படிப்பு பாலிடெக்னிக்ல இருக்காம், அதுலதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. பிளஸ் டூ முடிச்சிட்டு இன்ஜினீயரிங் போம்மான்னா கேக்க மாட்டேங்கா. கடைசில கோடு போடுற வேலதான? நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்லுதது?”

அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அவருக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. 1979-இல் ஐ.டி.ஐ. சான்றிதழோடு பம்பாய்க்கு ரயிலேறி, ஓய்வு பெறும்வரை கோடு போட்டே குடும்பம் நடத்தியவன் நான். அந்தக் கேள்வி கொஞ்சம் சுருக்கென்று தைத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இன்னும் பலருக்கு இதே கேள்வி இருக்கும்.

அந்தப் பெண் கேட்பது ஆர்க்கிடெக்சர் அசிஸ்டென்ட்ஷிப் என்ற மூன்று வருட டிப்ளமா. பத்தாவது முடித்துச் சேரலாம். ஆர்க்கிடெக்ட் ஆகிற படிப்பு வேறு. அது பிளஸ் டூவுக்குப் பிறகு நுழைவுத் தேர்வு எழுதி ஐந்து வருடம் படிக்கும் பி.ஆர்க். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டுக் குளியலறையை வைத்தே சொல்லிவிடலாம்.

குளியலறை எங்கே வரவேண்டும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஆர்க்கிடெக்ட் தீர்மானிக்கிறார். அந்த அறையின் தளத்தை எவ்வளவு தாழ்த்துவது, நீர்க்காப்புப் பூச்சு சுவரில் எத்தனை அங்குலம் ஏறவேண்டும், குழாய் சுவரைத் துளைக்கிற இடத்தை எதைக்கொண்டு அடைப்பது, தரைச் சரிவு எந்தப் பக்கம், வாசற்படிக் கல் எவ்வளவு உயரம் - இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் பெரிய அளவில் வரைந்து மேஸ்திரி கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மேஸ்திரி தனக்குத் தோன்றியபடி செய்வார். ஜூலை மாத மழையில் கீழ்வீட்டுக்காரர் நம் கதவைத் தட்டுவார். மும்பையில் அடுக்ககத்தில் குடியிருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அழகாக வரைந்த கட்டடத்தை ஒழுகாமல், விரிசல் விடாமல், தீப்பிடிக்காமல் நிற்க வைக்கிற இந்த அறிவைத்தான் மேல்நாட்டில் ஆர்க்கிடெக்சரல் டெக்னாலஜி என்று தனிப் பட்டப் படிப்பாகவே பல்கலைக்கழகங்களில் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் இவர்களுக்கென்று 1965-இலேயே ஒரு சங்கம் ஏற்பட்டு, 2005-இல் அரச சாசனமும் கிடைத்தது. அங்கே இது அந்தஸ்துள்ள தனித் தொழில். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீ, கட்டடத்தின் வெளிச்சுவரில் ஏறிப் பரவியது. அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்த பலகைகளை அங்கே பொருத்தியிருந்தார்கள். சுவருக்கு வெளியே எதை, எப்படிப் பொருத்துவது என்பது இந்தக் கோடு போடுகிறவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

நம் நாட்டில் அந்த அந்தஸ்து இல்லை. இதை மறைத்துப் பேசுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். 1972-ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். 2020-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கிவிட்டது. பதிவில்லாதவர் அந்த வேலையைச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை, அந்தப் பெயரைத்தான் போட்டுக்கொள்ளக் கூடாது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் வரைபடங்களின் மூலையில் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயரின் இரண்டு எழுத்துகள் இருக்கும். கையெழுத்து வேறொருவருடையது. நான் கற்றுக்கொடுத்த பையன்கள் பட்டத்தைக் காட்டி நாலே வருடத்தில் எனக்கு மேலே போனார்கள். நல்ல பையன்கள்தான். இப்போதும் தீபாவளிக்குப் போன் செய்கிறார்கள். ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட அறை கடைசிவரை எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் அந்தப் பெண்ணைச் சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். முதற்காரணம் ஒரு சின்னக் கணக்கு. பிளஸ் டூ இரண்டு வருடம், பி.ஆர்க். ஐந்து, ஆக ஏழு. டிப்ளமா மூன்று, பி.ஆர்க். ஐந்து, ஆக எட்டு. கணிதத்தோடு டிப்ளமா தேறியவர்களும் பி.ஆர்க். நுழைவுத் தேர்வு எழுதலாம். முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது உண்மை. ஒரு வருடம் கூடுதல், அவ்வளவுதான். பதினெட்டு பத்தொன்பது வயதில் கையில் ஒரு தொழில் இருக்கும், வீட்டில் பணமுடை வந்தால் நடுவில் சம்பாதிக்கவும் முடியும். ஐந்து வருடப் படிப்பை மூன்றாம் வருடத்தில் நிறுத்தினால் கையில் ஒன்றும் இருக்காது.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். ஆர்க்கிடெக்ட் அலுவலகங்கள் மட்டும் இல்லை. பில்டர்களின் வரைபடப் பிரிவு, கண்ணாடி முகப்பு செய்யும் கம்பெனிகள், அளவெடுத்து மதிப்பீடு போடும் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் ஆள் தேவை. ராணுவப் பொறியாளர் சேவை, எல்லைச் சாலை அமைப்பு போன்றவற்றில் டிராஃப்ட்ஸ்மேன் பதவிகள் உண்டு. புனேயிலும் ஹைதராபாத்திலும் உட்கார்ந்து வெளிநாட்டுக் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் முழு உருவமாகக் கட்டித் தருகிறார்கள். அதை பி.ஐ.எம். என்கிறார்கள்.

ஆனால் சாஃப்ட்வேரை மட்டும் கற்றுக்கொண்டால் ஆபத்து. எங்கள் ஆபீசில் 1993-இல் ஆட்டோகேட் வந்தது. அதுவரை டிரேசிங் பேப்பர், ராட்ரிங் பேனா, தப்பைச் சுரண்ட பிளேடு, அம்மோனியா பிரிண்ட் வாசனை. எங்களில் மிக நேர்த்தியாக நகல் எடுப்பவர் ஒருவர் இருந்தார், அச்சடித்த மாதிரி எழுத்து. ஒன்றரை வருடத்தில் அவருக்கு வேலை இல்லை. கட்டடம் எப்படி எழும்புகிறது என்று தெரிந்தவர்கள், மௌஸைப் பிடிக்கத் தடுமாறினாலும், தப்பித்தோம். எனவே கல்லூரி பார்க்கும்போது கம்ப்யூட்டர் அறையைக் காட்டி மயக்குவார்கள், மயங்க வேண்டாம். பிள்ளைகளைக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு எத்தனை நாள் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். அரசு தொழில்நுட்பக் கல்வி வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள். ஆறு மாதச் சான்றிதழில் ஆர்க்கிடெக்ட் ஆகலாம் என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இந்த நகரத்தில் நம்மவர்கள் கட்டிய கட்டடங்கள் எத்தனை! கம்பி கட்டினோம், பலகை அடித்தோம், சாரத்தில் நின்றோம். வரைபடத்தைப் படிக்க மட்டும் வேறொருவர் வரவேண்டியிருந்தது. இப்போது செம்பூரிலும் முலுண்டிலும் நம் பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்பந்தம் போடுகிறோம். எங்கள் சொசைட்டிக்கு வந்த பிளானைப் பதினெட்டு வீட்டுக்காரர்களும் பார்த்துத் தலையாட்டினார்கள். படுக்கையறையில் ஒரு தூண் ஒன்பது அங்குலம் துருத்திக்கொண்டு நின்றதும், அங்கே பீரோ வைக்க முடியாது என்பதும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கோடு போடத் தெரிந்தவன் ஒருவன் இருந்ததால் அது மாறியது.

சென்ட்ரிங்காரரிடம் போனில் பேசிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்து வருகிறார். வரும்போது அவர்கள் வீட்டு அடுக்களையை டேப் வைத்து அளந்து, ஒரு தாளில் வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். குழாய் எந்தச் சுவருக்குள்ளே போகிறது என்பதையும் காட்ட வேண்டும். அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தப்பில்லை.