சாதாரண வெளிச்சத்தில் ஒரு மடல்

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் அம்மையார் அவர்களுக்கு,

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆறு தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்பவன் எழுதுகிறேன். தாங்கள் மதுரையில் பிறந்தவர் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. தங்கள் அமைச்சகம் எதைச் செய்தாலும் நல்லதற்குத்தான் என்று எடுத்துக்கொள்வதும் என் வழக்கம். கட்சிகளுக்கு வரும் நன்கொடையில் வெளிப்படைத்தன்மை கொண்டுவருவதாக 2017 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அவர்கள் அறிவித்தபோதும் அப்படித்தான் நம்பினேன். மறு வருடம் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுத்தவர் பெயர் அதில் இல்லை; யார் கொடுத்தது என்று வாங்கிய கட்சியும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரம்பும் போயிற்று. இத்தனைக்கும் பெயர் வெளிப்படைத்தன்மை. அரசாங்கப் பாஷை நமக்குப் பிடிபடவில்லை போலும் என்று ஆறு வருடம் பொறுத்திருந்தேன்.

அந்தப் பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று இருந்தது. 2018-ல் ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கி ஆய்வகத்துக்குக் கொடுத்தார்; புற ஊதா விளக்கில் எண் தெரிந்துவிட்டது. ஆக, ரகசியம் ஓட்டுப் போடுகிறவனுக்கு மட்டும்தான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டமே செல்லாது என்றது. வாங்கியவர் விவரம் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது பத்திரத்தை விற்ற ஸ்டேட் வங்கி. அதற்குள் தேர்தலே முடிந்திருக்கும். மறுநாளே கொடு என்று நீதிமன்றம் சொன்னதும் கொடுத்துவிட்டது. நம் வங்கிகளின் சுறுசுறுப்பை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன்.

மார்ச் 14 அன்று பட்டியல் வெளிவந்தது. பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு தங்கள் கட்சிக்கு. தங்களை மட்டும் சொல்கிறேன் என்று வருந்த வேண்டாம். லாட்டரித் தொழில் நடத்தும் ஃப்யூச்சர் கேமிங் வாங்கியது 1,368 கோடிக்கு. அதில் ஐந்நூறு கோடிக்கு மேல் தி.மு.க.வுக்கு. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003-ல்! எங்கள் இராஜபாளையத்தில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் ராம்கோ சிமெண்ட்ஸ் பெயரும் பட்டியலில் இருந்தது. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. சட்டம் விட்ட வழியில் போனார்கள். வழி விட்டவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

தொழில் செய்கிறவன் அரசிடம் கேட்கக் கூடாது என்பதல்ல. எங்கள் மாவட்டத்துத் தீப்பெட்டிக்காரர்கள் லைட்டரால் பிழைப்புப் போகிறது என்று மனு மேல் மனு கொடுத்தார்கள். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. கேட்டது யார், கிடைத்தது என்ன என்று டீக்கடை வரை தெரியும்.

2024 மார்ச் 16 அன்று தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை, கூலிப் பணம் 62,000 ரூபாயை மஞ்சள் பையில் போட்டு ஸ்கூட்டரில் வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் பறக்கும் படை நிறுத்தியது. 50,000-க்கு மேல் ரொக்கமென்றால் கணக்குக் காட்ட வேண்டும். நூல் பில், பாஸ்புக், கூலி நோட்டு எல்லாவற்றையும் வண்டி சீட்டில் பரப்பினேன். ஒருவர் வீடியோ எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார்கள். கேட்டது இரண்டே கேள்வி: பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது?

அதற்குச் சில நாள் கழித்து, தேர்தலில் நிற்கும் அளவுக்குத் தங்களிடம் பணமில்லை என்று தாங்கள் சொன்னீர்கள். அதையும் நம்பினேன்; நம்புவதற்கு எங்கள் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. மாகாண முதல்வராக இருந்த எங்கள் ஊர் குமாரசாமி ராஜா, 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றவர். சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். கொடுத்தது யார், எதற்கு என்று இன்றும் ஊரில் கேட்டால் சொல்வார்கள்.

பல தரப்பையும் கலந்து பேசிப் பத்திரத்தை வேறு வடிவில் கொண்டுவருவோம் என்றும் தாங்கள் சொன்னதாகப் படித்தேன். இப்போதைக்குத் தேர்தல் அறக்கட்டளைகள் இருக்கின்றன. கொடுத்தவர் பட்டியல் ஒன்று, வாங்கிய கட்சிகளின் பட்டியல் ஒன்று. எவர் பணம் எவருக்குப் போனது என்பது மட்டும் இரண்டிலும் இராது. கலந்து பேசும் நாளில் என்னையும் ஒரு தரப்பாகக் கூப்பிடுங்கள். பறக்கும் படை கேட்ட அதே இரண்டு கேள்விகளோடு வருகிறேன். என் பெயரும் விலாசமும் உறையின் பின்பக்கம் இருக்கின்றன; பார்க்க விளக்கு எதுவும் தேவைப்படாது.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு தறிக்காரன்