கூரை போடலாமா?

பழம்பொருளைப் போற்றுவது ஒரு கடமை; அதைப் பயன்படுத்துவது மற்றொரு கடமை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது நாம் எந்தப் பக்கம் நிற்பது? ஒரு மாத காலமாக நம் விடுதி நண்பர்கள் சிலர் இரவு உணவுக்குப் பின் கூடி வாதாடும் கேள்வி இதுதான். வாதத்துக்குக் காரணமாக இருப்பது ஒரு கார்.

அந்தக் கார் சித்தூரில் என் தாய்மாமன் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. எம்.ஜி.பி. என்னும் இங்கிலாந்து நாட்டு வண்டி. இருவர் அமரும் திறந்த கார், ‘ரோட்ஸ்டர்’ என்பார்கள். ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை இவ்வகை வண்டிகள் செய்யப்பட்டன. மூடிய வகையையும் சேர்த்தால் ஐந்து இலட்சத்துக்கு மேல் வெளிவந்தன. 1798 சி.சி. எஞ்சின், தாழ்ந்த உடல், நீண்ட மூக்கு. நிலையான கூரை கிடையாது. மழை வந்தால் மாட்டிக்கொள்ள ஒரு துணிக்கூரை உண்டு; அவ்வளவே.

மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு. வாரம் ஒருமுறை காணிப்பாக்கம் வரை இவ்வண்டியை ஓட்டிச் சென்று திரும்புவது அவருக்கு வழக்கம். கண்ணில் அறுவை செய்துகொண்ட பிறகு வெயில் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். துணிக்கூரையோ நைந்துவிட்டது, அதன் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் பலகணி மஞ்சளித்து வெடித்துவிட்டது. எனவே பட்டறையில் விட்டு, இரும்புத் தகட்டால் நிலையான கூரை ஒன்றை வெல்டிங் வைத்துவிடலாம் என்று மாமா எண்ணுகிறார். ‘அதைவிட வண்டியை விற்றுவிடலாம்’ என்கிறான் அவர் மகன். வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. விடுதியிலும் இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன. ஒன்று காப்புக் கட்சி. மற்றது பயன் கட்சி.

முதலில் பயன் கட்சியின் வாதத்தைக் கேட்போம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சித்திரை வைகாசியில் நம் திருப்பதியிலும் சித்தூரிலும் வெப்பம் நாற்பது டிகிரியைக் கடப்பது புதுமை அன்று. உச்சி வேளையில் தெளிந்த வானிலிருந்து ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் வாட் ஆற்றல் இறங்குகிறது. திறந்த காரில் அத்தனையும் ஓட்டுபவர் தலையிலும் மடியிலும் விழுகிறது. இங்கிலாந்துக்காரன் வெயிலைத் தேடிக் கூரையைக் கழற்றினான். நாம் வெயிலுக்கு அஞ்சிக் கூரையைத் தேடுகிறோம். அவன் நாட்டுக்குப் பொருந்தியது நம் நாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்ன? மேலும், ஓடாத கார் உயிரோடிருக்கும் கார் அன்று. பெட்ரோல் குழாயில் பிசின் படியும், ரப்பர் விரியும், பிரேக் பிடித்துக்கொள்ளும். கூரை இல்லாததால் மாமா ஓட்டாமல் விட்டால், எந்த வடிவைக் காக்கிறோம் என்கிறோமோ அந்த வடிவே கொட்டகையில் துருவேறிப் போகும். இவ்வளவும் உண்மை.

ஆனால் ‘கூரை வேண்டும்’ என்பது ஒன்று. ‘பற்றவைத்த இரும்புக் கூரை வேண்டும்’ என்பது வேறொன்று. பயன் கட்சியினர் முதலதை மெய்ப்பித்துவிட்டு, இரண்டாவதையும் மெய்ப்பித்ததாக எண்ணிக்கொள்கின்றனர். அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

வெப்பத்தையே எடுத்துக்கொள்வோம். உள்ளுறை இல்லாத இரும்புத் தகடு வெயிலில் காய்ந்தால், அதுவே கீழ்நோக்கி வெப்பத்தை வீசும் அடுப்பாகிவிடும். கண்ணாடி வழியே ஒளி உள்ளே வரும். இருக்கையும் தரையும் சூடேறும். அவை வெளியிடும் வெப்பக் கதிர் கண்ணாடியைக் கடந்து எளிதில் வெளியேறாது. இந்த வண்டியில் குளிர்சாதனம் இல்லை. ஆகவே கூரை போட்டுவிட்டாலே குளிர்ச்சி வந்துவிடும் என்பது மயக்கம். நிழல் வரும்; காற்று குறையும். வெள்ளை நிறமும், கீழே ஓர் உள்ளுறையும், திறந்த கதவுக் கண்ணாடிகளும் சேர்ந்தால்தான் கூரையால் நன்மை. நல்ல வேளையாக இந்த வண்டியின் கதவுகளில் சுற்றி இறக்கும் கண்ணாடிகள் உண்டு.

அடுத்து, வண்டியின் உடலமைப்பு. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் 1961 முதல் ‘ஹெரால்டு’ கார்களைச் செய்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வண்டிக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. கூரை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு துண்டு. அதனால்தான் இங்கிலாந்தில் அதே காரைக் கூரையோடும் கூரையின்றியும் எளிதாகச் செய்து விற்க முடிந்தது. எம்.ஜி.பி. அப்படிப்பட்டதன்று. அதற்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கூரை இல்லாத குறையை ஈடுசெய்வதற்காகக் கதவுகளுக்குக் கீழே இருபுறமும் பெட்டிபோல் மடித்த தகடுகள் ஓடுகின்றன. வண்டி முறுக்கிக்கொள்ளாமல் காப்பவை அவையே. துரு முதலில் தின்பதும் அவற்றைத்தான்.

அந்தப் பெட்டித் தகடுகள் இற்றுப்போயிருந்தால் என்ன ஆகும்? மேலே வைக்கும் இரும்பின் எடை, பலம் குறைந்த உடலின்மேல் ஏறும். கதவு சரியாக மூடவில்லை என்ற அடையாளத்தால் இதுவரை தெரிந்துவந்த நோயைப் புதிய கூரை இழுத்துப் பிடித்து மறைத்துவிடும். நோய் தீராது, தெரியாமல் வளரும். எனவே கூரைக்குச் செலவிடும் பணத்தில் முதல் பங்கு கீழே போக வேண்டும். வண்டி கவிழ்ந்தால் கூரை காக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான்கு மூலைகளில் ஒட்டவைத்த தகடு பாதுகாப்புக் கூண்டு ஆகாது. மேலே எடை கூடக்கூட வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும் என்பதை இயற்பியல் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்சநீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். திறந்த கார் என்று பதிவான வண்டியை மூடிய காராக வெல்டிங் வைத்துவிட்டு, அடுத்த ஐந்தாண்டுப் பதிவுப் புதுப்பிப்புக்கு எப்படிக் கொண்டு நிறுத்துவது?

இன்னொன்றும் உண்டு. 2021 சூலையில் நடுவண் அரசு பழங்கார்களுக்கெனத் தனி விதி செய்தது. முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த வண்டி, அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாமல் பிறந்த வடிவில் இருந்தால், ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு பத்தாண்டுக்குத் தனிப்பதிவு பெறலாம். அப்படிப் பதிந்தால் நாள்தோறும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் சாலைக்கு வரலாம். மாமா இன்றைக்கு அதை விரும்பமாட்டார். ஆனால் இருபது ஆண்டு கழித்து அவர் பேரன் விரும்பலாம். இன்று வைக்கும் வெல்டிங் அந்தக் கதவை அவனுக்கு அடைத்துவிடும். நமக்குப் பின்னால் வருபவனின் உரிமையை நம் வசதிக்காக வெட்டி எறியலாமா?

இனிக் காப்புக் கட்சிக்கு ஒரு சொல். ‘திறந்த கார் திறந்தே இருக்க வேண்டும், கூரை எந்த வடிவில் வந்தாலும் அது துரோகம்’ என்று அவர்கள் முழங்குகிறார்கள். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. ரோட்ஸ்டர் செய்தவர்களே கழற்றி மாட்டும் கெட்டிக் கூரைகளையும் விற்றார்கள். எம்.ஜி.பி.க்கும் அத்தகைய கூரை இருந்தது. 1963-இல் வந்த மெர்சிடிஸ் 230 எஸ்.எல். காரின் கழற்றும் கூரை நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்து கீழைநாட்டுக் கோவில் கூரையை ஒத்திருந்ததால், அந்தக் காருக்கே ‘பகோடா’ என்ற பெயர் நிலைத்தது. கூரையால் கெட்டுப்போகாமல் கூரையால் பெயர் பெற்ற கார் அது!

நிலையான கூரை வேண்டியவர்களுக்கு எம்.ஜி. நிறுவனத்தார் என்ன செய்தார்கள்? திறந்த வண்டியின்மேல் ஒரு தகட்டை ஒட்டிக் கொடுத்துவிடவில்லை. 1965-இல் ஜி.டி. என்று தனியாக ஒரு வண்டியையே வடித்தார்கள். இத்தாலியப் பினின்ஃபரீனாவின் கைவண்ணம் அதில் உண்டு. எடை ஏறத்தாழ நூறு கிலோ கூடியது. கிளம்பும் விரைவு சற்றுக் குறைந்தது. ஆனால் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவு நன்றாக அமைந்ததால் உச்ச வேகம் சிறிது கூடிற்று. நம் நாட்டுத் ‘தார்’ ஜீப்பின் கதையும் அதுவே. 2010-இல் அது துணிக்கூரையோடு வந்தது. வெயிலும் மழையும் பொறுக்காமல் வாங்கியவர் பலர் வெளியே கொடுத்துக் கெட்டிக் கூரை போட்டுக்கொண்டனர். 2020-இல் வந்த புதிய தாரில் மகிந்திரா நிறுவனமே துணிக்கூரை, கெட்டிக் கூரை இரண்டையும் விற்றது. கூரை வேண்டும் என்ற ஆசை குற்றமன்று. அதை எப்படி நிறைவேற்றுகிறோம் என்பதில்தான் அறிவு இருக்கிறது.

ஆகவே என் முடிவு இது. மாமாவின் காருக்குக் கூரை போடத்தான் வேண்டும். ஆனால் அது கழற்றக் கூடிய ஃபைபர் கூரையாக இருக்க வேண்டும். முன்னே கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும், பின்னே இருக்கைகளுக்குப் பின்னாலும் ஏற்கெனவே உள்ள பிடிப்பிடங்களில் மட்டும் அதைப் பூட்ட வேண்டும். உடலில் ஒரு புதுத் துளைகூட விழக்கூடாது. ஓர் அங்குலம்கூட வெல்டிங் படக்கூடாது. அடித் தகடுகளைத் தட்டிப் பார்த்துச் செப்பனிட்ட பிறகே கூரைக்கு அளவெடுக்க வேண்டும். போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பழைய துணிக்கூரையின் கம்பிகளை எண்ணெய் பூசி எடுத்து வைக்க வேண்டும். ரெக்சின் தைத்து அதை மறுபடி மாட்ட இந்த ஊரிலேயே ஆள் உண்டு.

‘கழற்றிய கூரையை எங்கே வைப்பது?’ என்று நண்பரொருவர் கேட்டார். கொட்டகை உத்திரத்தில் கயிறும் கப்பியும் கட்டித் தொங்கவிடலாம். மாமன் மகன் ஒருபுறம், மாமா ஒருபுறம் நின்று இழுத்தால் போதும். கூரையை ஏற்றி இறக்குவதற்காகவாவது இருவரும் பேசிக்கொள்வார்கள்!

மார்கழி, தை மாதங்களில் சித்தூர்ப் பக்கத்து விடியற்காலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குளிரில், வெயில் ஏறுமுன், கூரையைக் கழற்றிவிட்டுப் புளியமரச் சாலையில் போவதற்காகவே பிறந்த வண்டி அது. கோடையில் அதற்கு நிழல் கொடுப்போம். ஆனால் அந்த விடியற்காலையை அதனிடமிருந்து என்றென்றைக்கும் பறித்துவிட வேண்டா. பழம்பொருளில் நாம் செய்யும் மாற்றம் எதுவாயினும், ‘இதை நாளை ஒருவன் நீக்க நினைத்தால் நீக்க முடியுமா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைவைப்போம். முடியும் என்றால் துணிந்து செய்யலாம். முடியாது என்றால் பட்டறைக்காரரிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மாமா முடிவு செய்தாக வேண்டும். மாறுபட்ட கருத்துடைய நண்பர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். அவற்றையும் அவரிடம் படித்துக் காட்டுவேன்.