டோபமைன் மட்டுமா குற்றவாளி?

மனச்சிதைவு நோய்க்குக் காரணம் கேட்டால், ‘மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடிவிட்டது’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதைக் கூட்டியது எது என்று யாரும் கேட்பதில்லை. நினைவாற்றலின் இருப்பிடம் என்று மட்டுமே பள்ளியில் படித்த ஹிப்போகாம்பஸில் அதற்கான விடையைத் தேட வேண்டும் என்பது என் கருத்து.

நடுமூளையின் டோபமைன் நியூரான்கள் எல்லாமே எப்போதும் வேலை செய்வதில்லை. எலிகளில் பார்த்தால் ஏறத்தாழ பாதி சும்மாதான் கிடக்கின்றன. வென்ட்ரல் பாலிடம் என்ற பகுதி அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. ஹிப்போகாம்பஸ், நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியைத் தூண்ட, அது பாலிடத்தை அடக்க, காவல் தளர்ந்து தூங்கிய நியூரான்கள் விழித்துக்கொள்கின்றன. புது இடத்தில் கால் வைக்கும்போது இது நமக்குத் தேவை: சிறு சத்தத்துக்கும் பெரும் படையே திரும்பிப் பார்க்கும். அப்படிச் சுரக்கும் டோபமைன் ஹிப்போகாம்பஸுக்கே திரும்பி வந்து புதியதை நினைவில் பதிக்கிறது என்று 2005-ல் ஆய்வாளர்கள் ஜான் லிஸ்மனும் ஆன்டனி கிரேஸும் விளக்கினார்கள். ஹிப்போகாம்பஸ் ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருந்தால்? தெருவில் யாரோ இருமுவதுகூடத் தனக்கான சைகையாகப் படும். கருவிலேயே மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்ட எலிகளில் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்தபோது, மிகையாக விழித்திருந்த டோபமைன் நியூரான்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியதை டேனியல் லாட்ஜும் கிரேஸும் 2007-ல் காட்டினார்கள்.

எலிக்கு மனச்சிதைவு வருமா என்று கேட்கலாம். வராது, எலி தன் காதில் கேட்கும் குரலைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் நோயாளிகளின் மூளை ஸ்கேன்களிலும் ஹிப்போகாம்பஸின் மிகைச் செயல்பாடு தென்பட்டிருக்கிறது. டோபமைனைத் தடுக்கும் மாத்திரைகள் 1950-களிலிருந்து பலன் தருகின்றனவே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான், குரல்கள் அடங்குகின்றன. ஆனால் ஊக்கமின்மையும் நினைவுக் குறைபாடும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. மதகை அடைத்தால் வயல் மூழ்காது. ஏரிக்கு வரும் வெள்ளம் நிற்காது. மனச்சிதைவுக்கென 2024-ல் அமெரிக்கா அனுமதித்த சனோமெலின்–ட்ரோஸ்பியம் என்ற மருந்து டோபமைன் ஏற்பிகளைத் தடுப்பதே இல்லை. அது ஹிப்போகாம்பஸுக்கென்றே செய்த மருந்தல்ல என்றாலும், வேறு வழி உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. ஆராய்ச்சிப் பணம் இனி ஏரியின் பக்கமும் போகட்டும். அதுவரை, இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.